தீர்ப்புக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

சர்க்காரை எதிர்த்து வழக்காடி, பல ஆண்டுகள் கோர்ட்டுப் படியேறி, முடிவில் ஜயமும் பெற்ற சாதாரணப் பிரஜை ஒருவர், தீர்ப்பின் நகல் கைக்கு வந்த பின்னரும், தமக்குச் சேரவேண்டிய தொகை எந்த நிதியிலிருந்து, யாருடைய உத்தரவின் பேரில், எப்பொழுது வரும் என்று அறியாமல் திகைத்து நிற்பதை நம் நாட்டில் அடிக்கடி காண்கிறோம். தீர்ப்பளிப்பது நீதிபதியின் கடமை. கஜானாவின் சாவி அவரிடம் இல்லை. ஆகையால், அரசாங்க இலாகாக்களின் மேல் பிறக்கும் தீர்ப்புகளுக்குப் பணம் ஒதுக்கப்படும் முறையை, வழக்காடுபவர் மட்டுமன்றி வரி செலுத்தும் ஒவ்வொருவரும் அறிந்திருப்பது அவசியம்.

மன்னன்மேல் வழக்குத் தொடுக்கலாகாது என்பது இங்கிலாந்தின் பழைய கோட்பாடு. ஆயினும், சர்க்கார் கப்பல் பட்டறையின் ஆட்கள் சுமந்து சென்ற இரும்புத் துண்டு வீழ்ந்ததனால், பி. அண்டு ஓ. கப்பல் கம்பெனியின் வண்டிக் குதிரை காயமுற்ற வழக்கில், தனியாரும் நடத்தக்கூடிய தொழில்களில் நேரும் கவனக்குறைவுக்குச் சர்க்கார் நஷ்டஈடு தரவேண்டியதே என்று 1861ஆம் ஆண்டிலேயே கல்கத்தா சுப்ரீம் கோர்ட்டு தீர்மானித்தது. மாநில அரசுகள் வழக்குத் தொடுக்கலாம், அவற்றின்மேல் வழக்குத் தொடுக்கப்படலாம் என்று நமது அரசியல் சட்டத்தின் 300ஆம் ஷரத்து கூறுகிறது. குற்றமற்றவர் என்று கோர்ட்டு விடுவித்த பின்னரும் 14 ஆண்டுகள் பீகார்ச் சிறையிலே வைக்கப்பட்டிருந்த ருதுல் சாவுக்கு நஷ்டஈடு கொடுக்குமாறு 1983இல் நமது சுப்ரீம் கோர்ட்டு கட்டளையிட்டபோது, பிரஜையின் அடிப்படை உரிமையைப் பறித்த அரசாங்கம் அதற்குப் பணத்தாலும் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்ற நியதியும் வழக்கில் வந்தது.

அரசியல் சட்டத்தை இயற்றிய பெரியோர்கள் இந்தக் கடனை அடைக்கும் வழியையும் வகுத்தே வைத்தார்கள். இலாகாக்களின் செலவுகள் மானியக் கோரிக்கைகளாகச் சட்டசபையின் முன் வந்து, அங்கத்தினர்களின் வாக்கைப் பெற்ற பிறகே செய்யப்படுவது பொது விதி. கவர்னரின் சம்பளம், ஹைகோர்ட்டு நீதிபதிகளின் சம்பளம், அரசு வாங்கிய கடனுக்குரிய வட்டி ஆகியவற்றுடன், கோர்ட்டுத் தீர்ப்பையோ மத்தியஸ்தத் தீர்ப்பையோ நிறைவேற்றத் தேவையான தொகையையும் 202ஆம் ஷரத்து இந்த விதியிலிருந்து விலக்கி, மாநிலத் தொகுப்பு நிதியின்மேல் சார்த்தப்பட்ட செலவாக்கியிருக்கிறது. இத்தகைய செலவைப் பற்றிச் சபை விவாதிக்கலாம். அதை வாக்குக்கு விடமுடியாது. பட்ஜெட்டில் எதிர்பாராத தீர்ப்பு வந்துவிட்டால், எதிர்பாராச் செலவு நிதியிலிருந்து முன்பணம் எடுத்துக் கொடுத்துவிட்டு, பின்னர் துணை மதிப்பீட்டின் மூலம் அதை ஈடுசெய்வதற்கும் இடமுண்டு.

இந்த ஏற்பாட்டின் மேன்மை, வேறு வழி சென்ற ஒரு ராஜ்யத்தோடு ஒப்பிட்டால் நன்கு விளங்கும். அமெரிக்காவிலுள்ள லூயிசியானா மாநிலத்தின் 1974ஆம் ஆண்டு அரசியல் சட்டம், மாநிலத்தின்மீதோ அதன் ஸ்தாபனங்களின்மீதோ பிறக்கும் தீர்ப்புக்கு, சட்டசபை அதற்கென்று ஒதுக்கிய நிதியிலிருந்தன்றிப் பணம் கொடுக்கலாகாது என்கிறது. வழக்கில் வென்றவர் பின்னர் சட்டசபையின் தயவையும் எதிர்பார்த்து நிற்க வேண்டும். தோற்ற கட்சிக்காரரே தீர்ப்பை மதிப்பதா வேண்டாமா என்று தீர்மானிப்பதற்கு அது ஒப்பாகும். நம் நாட்டில் அந்த அதிகாரம் எந்தப் பெரும்பான்மைக்கும் தரப்படவில்லை.

அப்படியிருந்தும், தமிழ்நாட்டில் விபத்து நஷ்டஈடு கொடுபடாத காரணத்தால் போக்குவரத்துக் கழக பஸ்ஸைக் கோர்ட்டு அமீனா ஜப்தி செய்வதும், நிலம் கொடுத்த விவசாயிக்குச் சேரவேண்டிய பாக்கிக்காகக் கலெக்டர் ஆபீஸ் ஜீப்பும் நாற்காலியும் ஜப்திக்கு உள்ளாவதும் பத்திரிகைச் செய்திகளாகிவிட்டன. போக்குவரத்துக் கழகம் தனி ஸ்தாபனம். அதன் கடன் அதன் சொந்த வருமானத்திலிருந்தே தீரவேண்டும். அத்தகைய கழகங்கள் இன்ஷூரன்ஸ் எடுக்காமல் பஸ் ஓட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு விலக்களிக்க இடம் தருகிறது என்றாலும், நஷ்டஈட்டுக்கென ஒரு நிதியை ஏற்படுத்திப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் அதனோடு சேர்த்தே விதிக்கிறது. அந்த நிதி நிறைந்திருந்தால் பிரயாணிகளை நடுவழியில் இறக்கிவிட்டுப் பஸ்ஸைப் பிடித்துச் செல்லும் அவலம் நேராது.

சர்க்கார் இலாகாக்களுக்கோ பணம் இல்லை என்ற சமாதானமும் பொருந்தாது. அரசின்மேல் பிறந்த டிக்ரியை, மூன்று மாதம் நிறைவேறாமல் கிடந்தாலன்றி அமல்படுத்தலாகாது என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 82ஆம் பிரிவு அவகாசம் அளித்திருக்கிறது. அப்பீல் செய்யலாமா என்று ஓர் இலாகாவும், நிதி இலாகாவின் சம்மதம் வந்ததா என்று மற்றோர் இலாகாவும் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அந்த அவகாசம் கழிந்துவிடுகிறது. இந்தத் தாமதம் இலவசமானதன்று. நில ஆர்ஜித வழக்குகளில் கூடுதல் நஷ்டஈட்டுக்கு முதல் வருஷம் 9 சதவீதமும், அதன் பிறகு 15 சதவீதமும் வட்டி உண்டு. 1894ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2013ஆம் ஆண்டுச் சட்டமும் இவ்விகிதத்தை மாற்றவில்லை. கோப்பு மேஜையில் உறங்கும் ஒவ்வொரு மாதத்துக்கும், அதை உறங்கவிட்ட அதிகாரியன்று, வரி செலுத்தும் ஜனங்களே வட்டி கட்டுகிறார்கள்.

ஆதலால், ஒவ்வோர் இலாகாவும் தன்மேல் நிலுவையிலுள்ள தீர்ப்புகளைக் கணக்கெடுத்து, அவற்றுக்கு வேண்டிய தொகையைப் பட்ஜெட்டிலேயே காட்டவேண்டும்; அப்பீல் செய்வதா, பணம் செலுத்துவதா என்பதை மூன்று மாதத்துக்குள் முடிவு செய்யவேண்டும்; காரணமில்லாத தாமதத்தால் ஏறும் வட்டியை அதற்குப் பொறுப்பானவரிடமே வசூலிக்கவேண்டும். சட்டசபை அங்கத்தினர்கள் இந்தச் செலவின்மேல் வாக்களிக்க இயலாதெனினும், அதைப் பற்றிப் பேசும் உரிமை அவர்களுக்கு உண்டு. வாசகர்களே, உங்கள் தொகுதி அங்கத்தினரிடம் அந்த உரிமையைப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.