லாடம் கொடுத்தால்தான் அனுமதி

இங்கிலாந்தின் வரலாற்றுக் கவுண்டிகளில் மிகச் சிறியது ரட்லண்ட். மக்கள்தொகை சுமார் 41,000. இரண்டே சிறு நகரங்கள், மற்றவையெல்லாம் கிராமங்கள்.

தலைநகரான ஓக்கம் ஊரின் கோட்டையில், 12ஆம் நூற்றாண்டில் கட்டிய மண்டபம் ஒன்று இருக்கிறது. உள்ளே நுழைந்தால் சுவரெங்கும் குதிரை லாடங்கள், 200க்கும் மேல்! அரச குடும்பத்தாரோ பிரபுக்களோ முதன்முறை இவ்வூருக்கு வந்தால் ஒரு லாடம் தந்தாக வேண்டும். அது பழைய வழக்கம். 15ஆம் நூற்றாண்டில் ஆண்ட நான்காம் எட்வர்டு மன்னர் தந்ததாகச் சொல்லப்படும் லாடமும் அங்கே தொங்குகிறது. மற்ற பல ஊர்களில் லாடத்தின் முனைகளை மேல்நோக்கி மாட்டுவார்கள். அப்போதுதான் அதிர்ஷ்டம் தங்குமாம். இங்கே எல்லாமே கீழ்நோக்கித்தான்.

1974இல் நிர்வாகச் சீரமைப்பு என்று சொல்லி ரட்லண்டைப் பக்கத்து லெஸ்டர்ஷயரோடு இணைத்துவிட்டார்கள். மக்கள் மனம் ஒப்பவில்லை. சின்ன ஊர்தானே என்று அவர்கள் விட்டுக்கொடுக்காதது பெரிய விஷயம். 23 ஆண்டுகள் கழித்து, 1997 ஏப்ரல் 1ஆம் தேதி, ரட்லண்டுக்குத் தனி நிர்வாகம் திரும்பக் கிடைத்தது. இன்றும் அது தனிக் கவுண்டியாகவே இயங்குகிறது.