ஒரே தொடையில் இரு முறிவு

தொடை எலும்பின் நடுத்தண்டும், அதே எலும்பு இடுப்பு மூட்டை நோக்கி வளையும் கழுத்தும் ஒரே அடியில் முறிவதுண்டு. தொடைத் தண்டு முறிந்தவர்களில் 100க்கு 2 முதல் 9 பேருக்குக் கழுத்தும் முறிந்திருக்கிறது. இவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள், நடுவயதினர். தண்டு முறிவு பார்த்ததுமே தெரியும். கழுத்து முறிவோ பெரும்பாலும் மறைந்திருக்கும். ஆனால் அறுவை சிகிச்சையின் வரிசையைத் தீர்மானிப்பது அதுதான்.

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு எல்லையில் உள்ள சித்தூர் வட்டத்தில் இத்தகைய அடிக்கு வழிகள் இரண்டு. ஒன்று, கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் வழியாகக் கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் போகும் சாலைகள். மற்றொன்று, கள் இறக்க மரம் ஏறும் தொழில். கேரளத்தின் பிற மாவட்டங்களுக்கும் கள் போவது இந்த வட்டத்துத் தோப்புகளிலிருந்துதான்.

காரில் உட்கார்ந்திருப்பவரின் இடுப்பும் முழங்காலும் மடங்கியிருக்கும். மோதலில் முழங்கால் டேஷ்போர்டில் இடித்தால், விசை தொடை வழியே மேலேறுகிறது. அதில் பெரும்பங்கு தண்டை முறிப்பதிலேயே தீர்ந்துவிடும். மிச்சம் கழுத்தில் ஒரு விரிசலை மட்டும் விட்டுச்செல்லும். அதனால்தான் கழுத்து முறிந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் எலும்பு இடம் பெயர்வதில்லை. விசை முழங்காலில் தொடங்குவதால், சில்லும் தசைநார்களும் காயப்பட்டிருக்கின்றனவா என்று பார்ப்பதும் அவசியம்.

தொடை வீங்கி வளைந்து கிடக்கும்போது, இடுப்பு வலியைத் தொடை வலி விழுங்கிவிடுகிறது. முறிந்த காலின் பாதம் வெளிப்பக்கம் சாய்ந்துவிடுவதால், வழக்கமான எக்ஸ்ரேயில் கழுத்து குறுகித் தெரியும். விரிசல் அந்த நிழலுக்குள் ஒளிந்துகொள்ளும். காலை 15 டிகிரி அளவுக்கு உட்புறம் திருப்பி எடுத்தால் கழுத்தின் முழு நீளமும் படத்தில் விரியும். இடுப்புக்கு 2 மில்லிமீட்டர் அல்லது அதைவிட மெல்லிய அடுக்குகளாக சி.டி. ஸ்கேன் எடுப்பதும் இப்போது வழக்கம். சி.டி.யில் தப்பும் சில விரிசல்கள் எம்.ஆர்.ஐ.யில் சிக்குகின்றன. தண்டுக்குள் உலோக ராடு போட்ட பிறகும், நோயாளியை மேசையிலிருந்து இறக்கும் முன் இடுப்பை மீண்டும் ஒருமுறை படம் பார்க்கிறார்கள்.

கழுத்துக்கு இத்தனை முக்கியத்துவம் தருவது அதன் ரத்த ஓட்டம். தொடை எலும்பின் பந்துத் தலைக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்கள் கழுத்தை ஒட்டியே ஏறுகின்றன. கழுத்து விலகினால் அவை அறுபடும். தலை பட்டுப்போய் நொறுங்கலாம். தண்டைச் சுற்றிலும் தசை இருப்பதால் அது கூடுவது எளிது. ஆனால் தண்டு முறிவில் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் ரத்தம் தொடைக்குள்ளேயே கசியக்கூடும். ஆகவே முதலுதவியில் ரத்த இழப்பை ஈடுசெய்வதும், தாமஸ் ஸ்ப்ளின்ட் போன்ற தாங்கியில் காலை நீட்டிக் கட்டுவதும் முன்னே வருகின்றன. தலையோ மார்போ பலமாக அடிபட்டிருந்தால், காலுக்கு வெளியே சட்டம் பொருத்தி எலும்பை நிறுத்திவிட்டு, உடல்நிலை தேறியதும் அறுவை சிகிச்சை செய்வார்கள். புத்தூர்க் கட்டு போன்ற வெளிக்கட்டுகளுக்கு இந்த முறிவு கட்டுப்படாது. தொடைத் தசைகள் முறிந்த முனைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இழுத்துவிடும். கழுத்தை வெளியிலிருந்து பிடித்து நிறுத்தவும் முடியாது.

எலும்பின் உட்குழலில் உலோக ராடைச் செலுத்தும் முறையை 1939இல் ஜெர்மனியின் கீல் நகரில் கெர்ஹார்ட் குன்ட்ஷர் செய்துகாட்டினார். இன்றைய ராடுகள் அதன் வழிவந்தவை. இரட்டை முறிவுக்கு இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழியில் ஒரே நீண்ட ராடு. இடுப்புப் பக்கமிருந்து அது தண்டுக்குள் இறங்கும். அதன் மேல்முனைத் துளைகள் வழியே திருகுகள் கழுத்துக்குள் செல்லும். காயம் சிறியது. ஆனால் ராடை இறக்கும்போது, விலகாதிருந்த கழுத்து விலகிவிடக்கூடும். அதைத் தடுக்க, ராடின் பாதையை விட்டு ஒதுங்கிய இடத்தில் முன்கூட்டியே கம்பிகளைச் செருகிக் கழுத்தைப் பிடித்துவைப்பார்கள்.

இரண்டாவது வழியில் ஒவ்வொரு முறிவுக்கும் ஒரு கருவி. முதலில் கழுத்து. சைக்கிள் ஸ்போக்ஸைவிடச் சற்றுத் தடித்த வழிகாட்டிக் கம்பி, தொடையின் வெளிப்பக்கமிருந்து கழுத்தின் நடுவே தலைக்குள் ஏறும். சி-ஆர்ம் எக்ஸ்ரே திரையில் முன்பக்கத்திலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பார்த்து, கம்பி மூட்டுக்குள் துருத்தவில்லை என்று உறுதிசெய்தபின், நடுவில் துளையுள்ள திருகு அக்கம்பியின் மேலேயே முறுக்கப்படும். இப்படிப் பெரும்பாலும் மூன்று திருகுகள். முறிவுக்கோடு செங்குத்தாக இருந்தால் தகடோடு கூடிய பெரிய நழுவுதிருகு சிறந்தது. பிறகு தண்டுக்கு, முழங்கால் வழியே மேல்நோக்கி ராடோ பக்கவாட்டில் பிளேட்டோ. விலகிய கழுத்தைத் துல்லியமாகச் சேர்க்க இம்முறை இடம் தருவதால் பலர் இதையே விரும்புகிறார்கள். இரு கருவிகளுக்கும் இடையே வெற்றெலும்பு விட்டால் அந்த இடத்தில் மீண்டும் முறியலாம் என்பதால், ஒன்றின் முனையை மற்றொன்று தாண்டியிருக்குமாறு பொருத்துவார்கள்.

காயம் மூடும் முன் காலின் நீளமும் திருப்பமும் மறுகாலோடு ஒப்பிடப்படுகின்றன. உடல்நிலை இடம் தந்தால் அடுத்த நாளே உட்காரவும் முழங்காலை அசைக்கவும் பயிற்சி தொடங்கும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து தரப்படும். பொதுவாக இரண்டு மூன்று மாதங்களுக்கு வாக்கர் அல்லது ஊன்றுகோலின் துணை வேண்டும். தண்டு முழுதாகக் கூட நான்கு முதல் ஆறு மாதங்கள் ஆகும். நடை திரும்பிய பிறகும் எலும்பின் பந்துத் தலை பட்டுப்போகும் அபாயம் இரண்டு ஆண்டுகள்வரை நீடிக்கிறது. அதனால் அந்தக் காலம் முழுவதும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள். இடையில் கவட்டையில் புதிதாக வலி வந்தால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.