குழந்தைகளுடன் கூடாரப் பயணம்

மேலைநாட்டார் கோடை விடுமுறையைக் கழிக்கும் முறைகளுள் ஒன்று, மோட்டார் வண்டியிலே கூடாரத்தையும் படுக்கையையும் சமையற் கலங்களையும் ஏற்றிக்கொண்டு, குடும்பத்தோடு அயல்நாடு சென்று, அங்கே திறந்த வெளியில் இரண்டு வாரம் தங்கி வருவதாகும். இங்கிலாந்திலிருந்து ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பிரெஞ்சு நாட்டிற்கு இவ்வாறு செல்லும் குடும்பங்கள் பல. மூன்று வயதும் ஆறு வயதுமாகிய சிறு குழந்தைகளையும் உடன் அழைத்துச் செல்கின்றனர். விடுதிச் செலவு மிச்சமாகிறது என்பது உண்மையே. ஆனால் அப்பயணம் இன்பமாவதும் இன்னலாவதும், பெற்றோர் அதனை எந்தக் கோலால் அளக்கின்றனர் என்பதைப் பொறுத்தது. நிலப்படத்திலுள்ள கிலோமீட்டர்களால் அளப்பவர் ஒரு சாரார். குழந்தையின் பொறுமையாலும் உறக்கத்தாலும் அளப்பவர் மற்றொரு சாரார். இரண்டாமவரின் கணக்கு எவ்வாறு அமையும் என்பதையே இன்று ஆராயப் போகிறோம்.

இவ்வழக்கம் தோன்றிய வரலாற்றைச் சிறிது கூறிவிடுகிறேன். 1936ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டில் லியோன் புளூம் தலைமையில் அமைந்த அரசாங்கம், தொழிலாளர்க்கு ஆண்டுதோறும் இரண்டு வாரம் சம்பளத்துடன் கூடிய விடுமுறை அளித்துச் சட்டம் செய்தது. கடலையே கண்டிராத தொழிலாளர் பலர் மிதிவண்டியிலும் இரயிலிலும் கடற்கரைக்குப் புறப்பட்டனர். விடுதியில் தங்கப் பொருளில்லாதவர்க்குக் கூடாரமே வீடாயிற்று. ஆங்கிலேயர்க்கோ கடலே பெருந்தடையாக இருந்தது. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் டோவர் துறைமுகத்தில் மோட்டார் வண்டிகளைப் பாரந்தூக்கியினால் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கப்பலில் இறக்கினார்கள். 1953இல் வண்டியை ஓட்டியவாறே கப்பலுக்குள் செல்லும் வசதி அங்கே ஏற்பட்டது. 1966 முதல் 1969 முடிய, பிரான்சு போன்ற நாடுகளுக்குச் செல்வோர் ஆளொன்றுக்கு ஆண்டில் 50 பவுண்டுக்கு மேல் பயணச் செலவுக்குக் கொண்டு செல்லலாகாது என்று பிரிட்டிஷ் அரசாங்கம் கட்டுப்படுத்தியது. அந்நாளில் கூடாரமும், வீட்டிலிருந்தே கட்டிச் சென்ற டப்பா உணவும் எத்துணைப் பேருக்குக் கைகொடுத்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இனிப் பயணத்திற்கு வருவோம். கலே துறைமுகத்திலிருந்து மத்தியதரைக் கடலோரத்திலுள்ள நீசு நகரம் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவு. பிரெஞ்சு நாட்டின் விரைவு நெடுஞ்சாலைகளில் மணிக்கு 130 கிலோமீட்டர் வரை செல்லலாம். மழை பெய்தால் 110. ஆகவே, விடியற்காலையில் புறப்பட்டால் இரவுக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று தந்தையார் கணக்கிடுகிறார். அக்கணக்கில் குழந்தைகள் சேரவில்லை.

1950களில், பின்னிருக்கையில் மெத்தை விரித்துக் குழந்தைகளைப் படுக்க வைத்து, இரவு முழுதும் வண்டியோட்டிச் சென்ற பெற்றோர் உண்டு. குழந்தைகள் இனிதே உறங்கினர். ஆனால் வண்டி எதன்மீதேனும் மோதினால் அவர்களைப் பிடித்து நிறுத்துவதற்கு ஒன்றுமில்லை. 1959இல் சுவீடன் நாட்டுப் பொறியியல் வல்லுநர் நில்சு போலின் வகுத்த மும்முனை இருக்கைவார் வோல்வோ வண்டிகளில் பொருத்தப்பட்டது. பின்னர்க் குழந்தைகளுக்கெனத் தனி இருக்கைகள் தோன்றின. இன்று பிரெஞ்சு நாட்டில், பத்து வயதுக்குட்பட்ட குழந்தை அதன் உடலளவுக்கு ஏற்ற இருக்கையில் வாரால் பிணைக்கப்பட்டே செல்லவேண்டும் என்பது சட்டம். இதனால் உயிர்கள் காக்கப்பட்டன. ஆயினும் குழந்தை புரண்டு படுக்கவும் எழுந்து நிற்கவும் இடமில்லாது போயிற்று. ஆதலின், முன்னோர் ஒரே மூச்சில் கடந்த தொலைவை இக்காலத்துப் பெற்றோரும் கடக்க முயல்வது பொருந்தாது. இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறையேனும் வண்டியை நிறுத்திக் குழந்தைகளை ஓடவிட வேண்டும். கைக்குழந்தை இருந்தால் இது இன்னும் இன்றியமையாதது; இருக்கையில் நெடுநேரம் சாய்ந்தபடி இருந்தால், அதன் தலை முன்னே கவிழ்ந்து மூச்சுத் தடைப்படக்கூடும். நல்லவேளையாக, அந்நாட்டு நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் மரநிழலும் மேசைகளும் கொண்ட இளைப்பாறுமிடங்கள் அடுத்தடுத்து உள்ளன. அங்கே நிறுத்தும்போது ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். மூடிய வண்டி வெயிலில் நின்றால், பத்தே நிமிடங்களில் உள்ளே வெப்பம் ஏறக்குறைய 10 பாகை உயர்ந்துவிடும். உறங்குகிறதே என்று குழந்தையை உள்ளே விட்டுச் செல்வது எவ்வளவு சிறிது நேரமாயினும் கூடாது.

என்னைக் கேட்டால், சிறு குழந்தை உள்ளவர்கள் நீசு நகரை இன்னும் சில ஆண்டுகளுக்கு மறந்துவிடலாம். போர்ட்சுமத்திலிருந்து இரவில் புறப்படும் கப்பலில் ஏறினால், காலையில் பிரிட்டனி மாநிலத்துச் சான் மாலோ துறைமுகத்தில் இறங்கலாம். குழந்தைகள் கட்டிலில் உறங்கும்போதே கடல் கடந்துவிடுகிறது. இறங்கிய இடத்திலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவிற்குள் கூடாரத் திடல்கள் பல இருக்கின்றன. இம்மாநிலத்திற்குச் செல்லும் மற்றொரு கப்பல் வழியைப் பற்றிச் சுவையான செய்தி ஒன்றுண்டு. ராசுகாஃப், பிளிமத் துறைகளுக்கிடையே 1973 சனவரியில் கப்பல் விட்டவர்கள் அப்பகுதி உழவர்கள். தம் பூக்கோசு முதலிய காய்களை இங்கிலாந்தில் விற்பதற்காகவே அதைத் தொடங்கினர். காய்க்காக வந்த கப்பல் பின்னர்ப் பயணிகளால் நிறைந்தது.

கரையிறங்கியதும் புதியதோர் இடர் எதிர்ப்படுகிறது. இங்கிலாந்தில், நம் நாட்டிற் போலவே, வண்டிகள் சாலையின் இடப்புறம் செல்லும்; பிரெஞ்சு நாட்டிலோ வலப்புறம். வண்டியோட்டுவோர் இதனை நினைவில் வைத்துக்கொள்கின்றனர். ஆறு வயதுச் சிறுவனுக்கு இதைச் சொல்பவர் யார்? சாலையைக் கடக்குமுன் முதலில் வலப்புறம் பார் என்று அவனுக்குப் பள்ளியில் பழக்கியிருக்கிறார்கள். அப்பழக்கத்தின்படியே அவன் வலப்புறம் பார்த்துக் காலை எடுத்து வைப்பான்; வண்டியோ இடப்புறத்திலிருந்து வரும். எனவே முதல் நாளிலேயே கையைப் பிடித்துக்கொண்டு பலமுறை கடக்கப் பழக்க வேண்டும். வண்டியிலும் குழந்தையை வலப்புறத்தில் அமர்த்தினால், அது நடைபாதைப் பக்கமாகவே இறங்கும்.

கூடாரம் அடித்தாயிற்று, இருட்டியதும் குழந்தைகள் உறங்குவர் என்று தாய் எண்ணுகிறாள். ஆனால் இருட்டுவதில்லை! ஜூன் இறுதியில் அங்கே கதிரவன் மறைவது இரவு பத்து மணிக்குப் பிறகுதான். வடக்கே இருப்பது மட்டும் இதற்குக் காரணமன்று. பிரிட்டனி, கிரீனிச்சு கோட்டிற்கு மேற்கே உள்ளது. ஆயினும் அதன் கடிகாரம் பெர்லின் நகரோடு ஒத்துச் செல்கிறது. 1940இல் ஜெர்மானியர் பிரான்சைக் கைப்பற்றியபோது முன்தள்ளி வைத்த நேரம் போருக்குப் பின்னும் நிலைத்துவிட்டது. 1976இலிருந்து கோடையில் மேலும் ஒரு மணி கூட்டப்படுகிறது. ஆகவே கடிகாரம் எட்டு என்னும்போது கதிரவன் ஆறு என்கிறது. வெளியே பிற குழந்தைகள் ஆடும் ஓசை கேட்கும்போது, தன் குழந்தையை அதட்டி உறங்க வைப்பது வீண் முயற்சி. நண்பகலில் ஓர் உறக்கம் போடச் செய்து, இரவில் ஒரு மணி நேரம் விட்டுக்கொடுப்பதே நன்று. இரவில் குளிர் கீழே தரையிலிருந்துதான் ஏறும். மேலே போர்த்துவதைவிடக் கீழே கனமாக விரிப்பது முதன்மையானது.

குளிருக்கு அஞ்சி, சமையல் வாயு அடுப்பையோ, அணைந்ததாகத் தோன்றும் கரியடுப்பையோ கூடாரத்துக்குள் கொண்டு வருவோர் உளர். இதனாற் குடும்பத்தோடு மாண்டவர்கள் உண்டு. அதிலிருந்து வெளிப்படும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. உறங்குகிறவர் விழிப்பதேயில்லை.

கடற்கரையிலும் விழிப்பு வேண்டும். சான் மாலோ விரிகுடாவில் கடல் ஏற்றவற்றத்தின் உயர வேறுபாடு சில நாட்களில் 12 மீட்டருக்கும் மிகும். நீர் வற்றும்போது கடல் நெடுந்தொலைவு பின்வாங்கும். சிப்பி பொறுக்கும் குழந்தை அதன் பின்னாலேயே செல்லும். திரும்பும் நீரோ நேராக முன்னே வருவதில்லை; மணலிலுள்ள பள்ளங்களின் வழியே சுற்றி வந்து, பின்புறத்தை முதலில் நிரப்பிவிடும். ஏற்ற நேரங்களைக் குறித்த பட்டியல் உள்ளூர்க் கடைகளிற் கிடைக்கிறது. அதைப் பார்த்து, நீர் திரும்பத் தொடங்குமுன்பே கரையேறிவிட வேண்டும்.

மூன்றாம் நாளளவில் குழந்தைக்குத் திடலின் வழிகள் பழகிவிடும். கூடாரத்தின் எண்ணை அது மனப்பாடமாகச் சொல்லும். டச்சுக் குழந்தையோடும் ஜெர்மன் குழந்தையோடும் மொழியின்றியே ஆடும். அப்போது காலையில் அதன் கையில் காசைக் கொடுத்து, திடலிலுள்ள கடைக்கு ரொட்டி வாங்க அனுப்பலாம். "யூன் பகெத், சில் வூ பிளே" என்னும் பிரெஞ்சுச் சொற்களை முதல்நாள் இரவே சொல்லிக் கொடுத்தாற் போதும். தாய் கூடார வாயிலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். தன் கையளவுக்கு மேல் நீண்ட ரொட்டியை அணைத்துக்கொண்டு சிறுவன் திரும்பி வருவான். வரும் வழியிலேயே அதன் முனையைக் கடித்துத் தின்றிருப்பான்.