காளான் மூச்சுக்கு நல்லதா? வளர்ப்பவரின் மூச்சையும் பாருங்கள்!

கொல்லிமலைக்குச் சென்று வருபவர்கள் மிளகு, பலா, அன்னாசி, முடவாட்டுக்கால் கிழங்கு என்று பையை நிரப்பிக்கொண்டு இறங்குவார்கள். இந்த வரிசையில் மருத்துவக் காளானையும் சேர்க்கலாமா, அது சளிக்கும் ஆஸ்துமாவுக்கும் கேட்குமா என்பது காளான் வளர்க்க நினைக்கும் பலரின் சந்தேகம்.

மலைக்கு ஏற்றது எது?

கடல் மட்டத்திலிருந்து 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொல்லிமலைக்குப் பொருத்தமானது சிப்பிக் காளான். 20 முதல் 30 டிகிரி வெப்பமும், 80 சதவிகிதத்துக்கு மேல் ஈரப்பதமும் இதற்குப் போதும். மருந்துக்கென வளர்க்கப்படும் ரெய்ஷி காளானுக்கு மரத்தூள் படுக்கையும், வெதுவெதுப்பான சூழலும் தேவை. அறுவடைக்குச் சில மாதங்கள் காத்திருக்க வேண்டும். மலையின் பனிக்காலம் அதற்கு ஒத்துவராது. விற்பனைக்கு ஆளை உறுதி செய்யாமல் அதில் இறங்கக் கூடாது.

சளிக்குக் கேட்குமா?

காளானின் செல் சுவரில் பீட்டா குளுக்கான் என்ற சத்து இருக்கிறது. இது நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டக்கூடியது. சிப்பிக் காளானில் கிடைக்கும் இதன் வகைக்குப் ப்ளூரான் என்று பெயர். அடிக்கடி சளி, இருமலால் அவதிப்பட்ட 175 குழந்தைகளிடம் சுலோவாக்கியாவில் நடந்த ஆய்வு 2013-ம் ஆண்டு வெளியானது. ப்ளூரானுடன் வைட்டமின் சி எடுத்த குழந்தைகளில் 36 சதவிகிதம் பேருக்கும், வைட்டமின் சி மட்டும் எடுத்தவர்களில் 21 சதவிகிதம் பேருக்கும் சுவாசத் தொற்று வரவில்லை.

ஆனால், அங்கே கொடுத்தது பிரித்தெடுத்த சத்து. காளான் குழம்பு அல்ல. காளான் நல்ல உணவுதான். அதை நம்பி ஆஸ்துமா மருந்தையோ இன்ஹேலரையோ நிறுத்துவது ஆபத்து. ‘ஆஸ்துமாவைக் குணமாக்கும்’ என்று பாக்கெட்டில் அச்சிட்டு விற்கவும் உணவுப் பாதுகாப்பு விதிகள் இடம் தருவதில்லை.

குடிலுக்குள் கவனம்

முற்றிய சிப்பிக் காளான், ஸ்போர் எனப்படும் நுண்தூளை ஏராளமாக உதிர்க்கும். குளிர் காலத்தில் குடிலை இறுக மூடினால் இந்தத் தூள் உள்ளேயே தேங்கும். தினமும் அதைச் சுவாசிக்கும் சிலருக்கு நுரையீரலில் ஒவ்வாமை உண்டாகும். குடிலிலிருந்து வந்த 4 முதல் 8 மணி நேரத்தில் காய்ச்சல், குளிர், வறட்டு இருமல், மூச்சுத்திணறல் தோன்றும். சாதாரணக் காய்ச்சல் என்று விட்டுவிடுவதுதான் தவறு. குடில் பக்கம் போகாத நாள்களில் குறைந்து, போனதும் திரும்ப வந்தால் சந்தேகிக்க வேண்டும். பல ஆண்டுகள் நீடித்தால் நுரையீரலில் தழும்பு விழுந்து, பாதிப்பு நிரந்தரமாகிவிடும்.

செய்ய வேண்டியவை

* குடையின் ஓரம் மேல்நோக்கி மடங்கும் முன்பே பறித்துவிடுங்கள். அந்தக் காளானுக்குத்தான் சந்தையில் மதிப்பும் அதிகம்.
* உள்ளே நுழையும் முன் கதவு, ஜன்னல்களைத் திறந்து காற்றோட்டம் கொடுங்கள்.
* முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் என்-95 முகக்கவசம் அணியுங்கள். துண்டைக் கட்டினால் தூள் நிற்காது.
* வைக்கோலை ஃபார்மலினில் ஊறவைப்பதைவிட, வெந்நீரிலோ நீராவியிலோ பதப்படுத்துவது மூச்சுக்குப் பாதுகாப்பு.
* ஆஸ்துமா உள்ளவர்களைப் பறிப்பு வேலையில் விடாதீர்கள்.
* இருமல் நீடித்தால், காளான் குடிலில் வேலை செய்வதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நோயைக் கண்டுபிடிக்க அந்த ஒரு தகவல் பெரிதும் உதவும்.