விட்டான் குடியை, விழுந்தான் தரையில்!

குடித்துவிட்டு ஒருவன் தெருவில் விழுந்தால் காரணம் கேட்பார் இல்லை. போதை என்று சொல்லிவிட்டு ஊர் தன் வழியே போய்விடும். ஆனால், குடியை விட்டவன் விழுகிறானே, அதற்கு என்ன பெயர்? பல ஆண்டு நாள் தவறாமல் குடித்தவன், வீட்டார் கண்ணீரைக் கண்டு மனம் மாறி, இரண்டு நாள் ஒரு சொட்டும் தொடாமல் இருந்தவன், கை கால் வெட்டி இழுக்க, கண் செருக, வாயில் நுரை தள்ளக் கிடக்கிறானே, ஏன்?

'சாமி குத்தம்' என்கிறாள் தாய். 'செய்த சத்தியத்தில் ஏதோ பிசகு' என்கிறார் கயிறு கட்டிய பூசாரி. 'முனி அடித்துவிட்டது' என்கிறார் பக்கத்து வீட்டுப் பெரியவர். 'நடிக்கிறான்' என்கிறான் கூடக் குடித்த கூட்டாளி.

தோழர்களே! சாமியும் இல்லை, முனியும் இல்லை, நடிப்பும் இல்லை. அது வலிப்பு. குடியைத் திடீரென நிறுத்தியதால் மூளையில் எழுந்த புயல்.

பேருந்து ஓட்டும் தோழருக்கு இது எளிதில் விளங்கும். மூளையிலே வேகம் கூட்டும் வேலையும் உண்டு, பிரேக் பிடிக்கும் வேலையும் உண்டு. வேகம் கூட்டுவது குளுட்டமேட் என்ற பொருள். பிரேக் பிடிப்பது காபா என்ற பொருள். மது உள்ளே போய் பிரேக்கை அழுத்துகிறது. நாள்தோறும் அழுத்தினால் மூளை சும்மா இருக்குமா? வண்டி நின்றுவிடக் கூடாதே என்று தன் பங்குக்கு வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது, பிரேக்கும் தேய்ந்துபோகிறது. ஒருநாள் திடீரென மது நின்றால் என்ன ஆகும்? அழுத்திய கால் எடுபட்டது; கூட்டிய வேகம் அப்படியே நிற்கிறது. வண்டி தறிகெட்டு ஓடுகிறது. அந்த ஓட்டத்தின் பெயர்தான் வலிப்பு.

இதை வெறும் ஊகமென்று தள்ள முடியாது. 1955-இல் அமெரிக்காவின் லெக்சிங்டன் நகரில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. கைதிகளாக இருந்த பத்துப் பேருக்கு நல்ல உணவும் வைட்டமின்களும் கொடுத்து, கூடவே மதுவையும் நாள்தோறும் கொடுத்தார்கள். 48 நாள் முதல் 87 நாள் வரை குடித்த ஆறு பேருக்கு மதுவைத் திடீரென நிறுத்தியபோது, இருவருக்கு வலிப்பு வந்தது. மூவருக்குச் சித்தம் கலங்கியது. சிறையில் கிடந்த ஏழைகளின் உடலிலே நடத்திய சோதனை அது. அதை எண்ணினால் நெஞ்சு கொதிக்கிறது. ஆயினும் அந்த உடல்கள் உரைத்த உண்மையை மறக்கலாமா? பட்டினியாலன்று, சத்துக் குறைவாலன்று, நிறுத்தியதால் வந்தது அந்த வலிப்பு!

எப்போது வரும்? கடைசிக் குடி முடிந்து ஆறேழு மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போகும். வலிப்பு வந்தோரில் பத்துக்கு ஒன்பது பேருக்கு 7 மணி நேரத்துக்கும் 48 மணி நேரத்துக்கும் இடையில் அது வந்தது என்று 1967-இல் கணக்கெடுத்துச் சொன்னார்கள். அதையும் தாண்டினால், இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சித்தப் பிரமை வரக்கூடும். இல்லாத பாம்பும் பூச்சியும் கண்ணுக்குத் தெரியும், உடல் கொதிக்கும், மருத்துவம் இல்லையேல் உயிரே போகும்.

குடிக்கும் எல்லோருக்கும் இது வருவதில்லை. காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறவன், நடுக்கத்தை அடக்கவே முதல் குவளையைத் தூக்குகிறவன், முன்பு ஒருமுறை நிறுத்தியபோது வலிப்புக் கண்டவன் — இவர்களுக்கே பெரும் ஆபத்து. இவர்களிடம் போய், 'ஆண்பிள்ளை என்றால் இன்றோடு விட்டுக்காட்டு' என்று சவால் விடுவது வீரமா? விபரீதம்!

2020 மார்ச்சில் நாடே இதைக் கண்டது. ஊரடங்கு வந்தது, மதுக்கடைகள் திடீரென மூடப்பட்டன. கேரளத்தில் குடி கிடைக்காதோர் தற்கொலை செய்துகொண்ட செய்திகள் வந்தன. மார்ச் 30-ஆம் நாள், டாக்டர் சான்று இருந்தால் மது தரலாமென்று அம்மாநில அரசு உத்தரவிட்டது. டாக்டர்களே எதிர்த்தார்கள். மது மருந்தல்ல என்றார்கள். ஏப்ரல் 2-இல் உயர்நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது.

மது மருந்தல்ல, உண்மை. ஆனால், மருந்து உண்டு! 1969-இல் அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 537 பேரிடம் பல மருந்துகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குளோர்டயஸிபாக்சைடு பெற்றோரிடையே வலிப்பும் பிரமையும் மிகக் குறைந்தன. டாக்டர் கண்காணிப்பில் சில நாள் கொடுத்து, படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். தையமின் என்ற வைட்டமினும் சேர்ப்பார்கள்.

இங்கே இன்னொரு எச்சரிக்கை. அந்த மருந்தின் குடும்பத்தைச் சேர்ந்தவைதான் அல்பிரஸோலம், குளோனஸிபாம், டயஸிபாம் போன்ற தூக்க மாத்திரைகள். இரவு வேலை பார்த்துத் தூக்கம் கெட்ட தோழர், மாதக்கணக்கில் விழுங்கிய மாத்திரையைக் காசில்லை என்று சட்டென நிறுத்தினால், அவருக்கும் வலிப்பு வரலாம். சில மாத்திரைகளில் ஓரிரு நாளில் வரும். சிலவற்றில் ஒரு வாரம் கழித்தும் வரும். டாக்டரைக் கேட்டு, வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைப்பதே வழி.

ஆகவே, கிளைத் தோழர்களே, உங்களுக்குச் சில வேலைகள். குடியை விட விரும்புகிறவனை முதலில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். கயிறும் மாலையும் மருந்தாகா. கால் முறிந்து வார்டில் படுத்திருக்கும் தோழர் குடிக்கிறவரானால், வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். மறைத்தால் இரண்டாம் நாள் கட்டிலிலேயே இழுக்கும். காவல் நிலையத்தில் அடைபட்டவன் நடுங்கினால் டாக்டரை அழைக்கக் கோருங்கள். 'நடிப்பு' என்ற பேச்சை ஏற்காதீர்கள்.

வலிப்பு வந்துவிட்டால் கையில் சாவி திணிக்காதீர்கள். வாயில் கரண்டியும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம், 'கொஞ்சம் ஊற்றினால் சரியாகும்' என்று சாராயமும் வேண்டாம். ஊற்றுவது மூச்சுக் குழாயில் இறங்கிவிடும். கையைக் காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். தலைக்கடியில் ஒரு துண்டை மடித்து வைத்து, இழுப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 108-ஐ அழையுங்கள். ஐந்து நிமிடம் தாண்டியும் இழுப்பு நிற்கவில்லையென்றால் உயிருக்கு ஆபத்து. தானே நின்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். அடுத்தது பின்னாலேயே வரலாம்.

இதைப் படித்துவிட்டு, 'நிறுத்தினால் ஆபத்தாமே, குடித்துக்கொண்டே இருக்கலாம்' என்று எவனாவது சொன்னால், அவன் பாதியைத்தான் படித்தான் என்று பொருள். குடி கொல்லும்; விட்டே தீரவேண்டும். விடும் வழிதான் கேள்வி.

கடையை மூடு என்று குரல் கொடுக்கிறோம், கொடுப்போம். அந்தக் குரலோடு இன்னொரு குரலும் சேரட்டும்: மூடும் கடை ஒவ்வொன்றுக்கும் ஈடாக, வட்ட மருத்துவமனையில் குடிநோயாளிக்குக் கட்டில் திற! பூட்டு மட்டும் போட்டால் ஏழை தரையில் விழுவான். கட்டிலும் போட்டால் எழுந்து வேலைக்குப் போவான்.