சிங்கே ஊர்வலம் பார்க்கப் பாலம் கடக்கும் முன்…

ரெங்கம்: பிரேசிலின் ரியோ கார்னிவலைத் தொலைக்காட்சியில் பார்த்து வாய்பிளக்கும் நம்மவர்களுக்கு, அதேபோல் ஒரு வீதித் திருவிழா பக்கத்து நாட்டிலேயே இருக்கிறது. சிங்கப்பூரின் சிங்கே ஊர்வலம்தான் அது. ரெங்கத்திலிருந்து ஜொகூர் பாருவுக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர். அதற்கப்பால் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் கடற்பாலம். அவ்வளவுதான் தூரம். ஆனால் அந்தக் கடைசி ஒரு கிலோமீட்டர் எல்லோருக்கும் திறந்திருப்பதில்லை.

சிங்கே பிறந்த கதை சுவையானது. 1970இல் சீனப் புத்தாண்டுப் பட்டாசுகளால் சிங்கப்பூரில் தீ விபத்துகளும் உயிரிழப்பும் ஏற்பட்டன. 1972இல் பட்டாசுக்கு முழுத் தடை வந்தது. வெடிச் சத்தம் இல்லாமல் புத்தாண்டு களையிழந்துவிடக் கூடாது என்று 1973இல் மக்கள் கழகம் இந்த ஊர்வலத்தைத் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே மலாய்க்காரர்களும் இந்தியர்களும் சேர்ந்துகொண்டார்கள். 1985இல் ஆர்ச்சர்ட் சாலைக்குப் போய்ப் பெரிய காட்சியானது. அலங்கார வண்டிகள், சிங்க நடனம், வெளிநாட்டுக் குழுக்கள் என்று போகும் அந்த வரிசையில் மக்கள் கழக நற்பணிப் பேரவையின் இந்தியக் குழுவையும் காணலாம்.

இன்று அது தெருவோரம் நின்று பார்க்கும் ஊர்வலமாக இல்லை. 2010 முதல் பெரும்பாலும் எஃப்1 கார் பந்தயக் கட்டடத்தின் முன் இரவில் நடக்கிறது. நல்ல இருக்கைக்கு நுழைவுச் சீட்டு வாங்க வேண்டும். ஒரு சிங்கப்பூர் டாலருக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கொடுக்கும் நமக்கு, நான்கு பேர் கொண்ட குடும்பம் என்றால் கணக்குப் போட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டியிருக்கும். குடியிருப்புப் பேட்டைகளில் நடக்கும் சிறிய சிங்கே நிகழ்ச்சிகளையும் விசாரித்துப் பார்ப்பது நல்லது.

அடுத்து ஆவணங்கள். சிங்கப்பூருக்கு மட்டும் செல்வதற்கென்று முன்பு இருந்த தனிக் கடப்பிதழ் இப்போது இல்லை. பெரியவர்கள் சிலர் பழைய நினைவில் இன்னும் அதைக் கேட்கிறார்கள். அனைத்துலகக் கடப்பிதழ்தான் வேண்டும். அது இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். புறப்படுவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் இணையத்தளம் வந்தால் அது அரசாங்கத்தினுடையது அல்ல; உடனே மூடிவிடுங்கள்.

இளையோர் கவனிக்க வேண்டிய ஒன்று: மின்சிகரெட் எனப்படும் 'வேப்' சிங்கப்பூரில் முற்றாகத் தடை செய்யப்பட்டுள்ளது. விற்பது மட்டுமல்ல, வைத்திருப்பதே குற்றம். பையின் மூலையில் மறந்து கிடந்தது என்ற சமாதானம் எடுபடாது. ஒரு சிகரெட்டுக்குக்கூட அங்கே வரிவிலக்கு இல்லை. சூயிங்கமும் கொண்டுபோக வேண்டாம்.

ஜேபி சென்ட்ரலிலிருந்து உட்லண்ட்ஸ் செல்லும் ரயில் ஐந்தே நிமிடம்தான். ஆனால் விழாக் காலத்தில் சீட்டு முன்னதாகவே தீர்ந்துவிடும். பேருந்தில் போகிறவர்கள் இரண்டு பக்கச் சோதனைச் சாவடியிலும் பைகளோடு இறங்கி ஏற வேண்டும். ஊர்வலம் முடிந்து இரவில் திரும்பும் நேரத்தை இறுக்கமாகக் கணக்கிடாதீர்கள்.

இதெல்லாம் கடப்பிதழ் எடுக்க முடிந்தவர்களுக்கு. மலேசியக் கடப்பிதழ் குடிமக்களுக்கு மட்டுமே. தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, பால் மரம் வெட்டி ஓய்ந்த பிறகும் சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கும் தாத்தா பாட்டிகள் நம்மிடையே உண்டு. பிறப்புப் பத்திரம் இல்லாததால் எந்த அட்டையும் இல்லாத பிள்ளைகளும் உண்டு. குடும்பமே வேன் எடுத்துக் கிளம்பும்போது வீட்டுக் காவலுக்கு நிற்பவர்கள் இவர்கள்தான். குடியுரிமை விண்ணப்பத்தைத் திருவிழாவுக்காகப் போட வேண்டியதில்லை. ஆனால் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கும் வீடுகளுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கட்டும். தேசியப் பதிவிலாகாவில் கேட்டால் தேவையான தாள்களின் விவரம் கிடைக்கும்.

அதுவரை அவர்களையும் அழைத்துக்கொண்டு பார்க்கக் கூடிய சிங்கே ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. சிங்கப்பூரின் ஊர்வலத்தைவிட அது மிகவும் மூத்தது. ஜொகூர் பாரு ஜாலான் துருஸில் உள்ள பழைய சீனக் கோயிலின் சிங்கே 19ஆம் நூற்றாண்டிலிருந்து வருவது. தியோசூ, ஹொக்கியன், ஹக்கா, காண்டனீஸ், ஹைனானீஸ் என்று ஐந்து சமூகத்தார், ஆளுக்கொரு சாமியைப் பல்லக்கில் சுமந்து நகரை வலம் வருவார்கள். நம் சப்பர ஊர்வலத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது அந்நியமாகத் தெரியாது. பல்லக்கை ஆட்டிக் குலுக்கிக்கொண்டு, "ஹுவாட் ஆ!" என்று கூட்டம் கத்துவதுதான் புதிதாக இருக்கும். செழிப்பு உண்டாகட்டும் என்று பொருள்.

சீனப் புத்தாண்டின் முதல் மாதம் 21ஆம் நாள் இரவுதான் பெரிய ஊர்வலம். சிங்கப்பூர்ச் சிங்கே பெரும்பாலும் அதற்கு முன்பே முடிந்துவிடும் என்பதால் இரண்டையும் பார்க்க விரும்புவோருக்குச் சிக்கல் இல்லை. இங்கே கட்டணமோ கடப்பிதழோ தேவையில்லை. அன்று மாலை முதல் நகர நடுவில் சாலைகள் அடைக்கப்படும். அதனால் வண்டியைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டு நடப்பது மேல். ராஜமாரியம்மன் ஆலயமும் அங்கிருந்து சிறிது நடைதான். வெளிச்சம் இருக்கும்போதே போய்விட்டால், முதியவர்களை அங்கே உட்காரவைத்துவிட்டு நிற்பதற்கு இடம் தேடலாம்.