வாய்மொழியின் கிடங்குகள் – 6: சீவி எறிந்த குரல்கள்

அயர்லாந்தின் தென்மேற்கு முனையில் கெர்ரி மாவட்டம். அங்கே கில்ரீலிக் என்ற கடலோரச் சிற்றூரில் ஷான் ஓ கோனில் என்றொரு சம்சாரி இருந்தார். கொஞ்சம் வெள்ளாமை, கொஞ்சம் மீன்பிடிப்பு. எழுதப் படிக்கத் தெரியாது; ஐரிஷ் தவிர வேறு மொழியும் தெரியாது. ஆனால் எத்தனை இரவு சொன்னாலும் தீராத கதைகள் அவரிடம் இருந்தன. கேட்கத்தான் ஆளில்லை. இளவட்டங்கள் ஆங்கிலத்துக்கு மாறிக்கொண்டிருந்தார்கள், பலர் கப்பலேறிவிட்டார்கள். சொல்லாமல் விட்டால் கதை கைவிட்டுப் போய்விடுமே என்று, மாடு மேய்க்கும்போது ஆளில்லாத குன்றில் உரக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். சந்தையிலிருந்து திரும்பும்போது தன் வண்டியின் பின்புறத்தைப் பார்த்துச் சொன்னார்.

1923இல் ஷேமஸ் டிலார்கி என்ற இளைஞர் இவரைத் தேடி வந்தார். கிழவருக்கு அப்போது எழுபது வயது. அதன்பின் பல முறை வந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். 1931இல் ஓ கோனில் இறந்துபோனார். அந்தக் கதைகள் 1948இல் நூலாக வந்தன. இடைப்பட்ட காலத்தில் டிலார்கி ஒரு வேலை பார்த்தார். தன்னைப்போல் கதை தேடிப் போகிறவர்களுக்கு அரசாங்கத்தைச் சம்பளம் கொடுக்கவைத்தார்.

1935இல் தொடங்கிய ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம் அப்படிப் பிறந்தது. நாடு விடுதலை பெற்றுப் பதின்மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. கஜானாவில் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனாலும் பாட்டுக்கும் கதைக்கும் நிதி ஒதுக்கினார்கள். சேகரிக்கப் போனவர்கள் பெரும்பாலும் பேராசிரியர்கள் அல்லர். அந்தந்தப் பகுதியின் பேச்சும் பழக்கமும் தெரிந்த உள்ளூர் ஆட்கள். டப்ளினில் இருந்த காப்பாளர் ஷான் ஓ சூலவான் ஸ்வீடனின் உப்சாலாவுக்குப் போய் வகைப்படுத்தும் முறையைக் கற்றுவந்தார். இந்த அட்டவணை வேலையைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஆனால் அது இல்லாவிட்டால் எந்தக் காப்பகமும் பழைய பேப்பர் கடைதான்.

சேகரிப்பாளர்கள் எடிஃபோன் என்ற கருவியோடு போனார்கள். அலுவலகங்களில் முதலாளி கடிதம் சொல்ல, தட்டச்சர் பிறகு கேட்டு அடிப்பதற்காக எடிசன் நிறுவனம் செய்த கருவி அது. மெழுகு உருளையில் குரலைப் பதியும். இருபது கிலோவுக்கு மேல் எடையுள்ள அதைத் தூக்கிக்கொண்டு குடிசை குடிசையாக ஏறியிறங்கினார்கள். கதைசொல்லி வாய்க்குழாயில் பேசுவார். சேகரிப்பாளர் இருப்பிடம் திரும்பி, திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, வட்டார உச்சரிப்பு பிசகாமல் நோட்டில் எழுதி டப்ளினுக்கு அனுப்புவார். யாரைப் பார்த்தோம், மழையில் எங்கே ஒதுங்கினோம், யார் வாயைத் திறக்க மறுத்தார் என்று நாட்குறிப்பும் எழுதியாக வேண்டும். கதைகளைவிட அந்த நாட்குறிப்புகள் எனக்குச் சுவையானவை.

எழுத்து வந்து சேர்ந்ததும் அந்த மெழுகு உருளையின் மேற்பரப்பைச் சீவி வழித்து, அடுத்த ஆளின் குரலுக்கு அனுப்பிவிடுவார்கள்!

உருளைக்குக் காசு வேண்டும், காசு இல்லை. காரணம் அது மட்டுமல்ல என்று நினைக்கிறேன். கதை என்றால் சொற்கள், குரல் அவற்றைச் சுமந்துவரும் வாகனம் என்றே அன்றைய அறிஞர்கள் பலர் கருதினார்கள். தப்பிய உருளைகள் கொஞ்சம் உண்டு. மற்றவற்றில் இருந்த மூச்சு, தயக்கம், சிரிப்பு, சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் கொட்டிய ‘உம்’ எல்லாம் மெழுகுத் தூளோடு போயின. பிளாஸ்கெட் தீவின் பெரும் கதைசொல்லி பெக் சேயர்ஸிடமிருந்து மட்டும் ஷோசவ் ஓ டாலி என்ற சேகரிப்பாளர் சுமார் 350 கதைகளை எழுதியெடுத்தார். அந்தத் தீவே 1953இல் ஆளொழிந்தது.

இந்த ஆணையம் செய்தவற்றுள் என்னை மிகவும் கவர்ந்தது பள்ளிக்கூடத் திட்டம். சம்பளம் கொடுத்து எத்தனை பேரை வைக்க முடியும்? 1937இல் நாடெங்கும் உள்ள ஆரம்பப் பள்ளிகளின் மேல்வகுப்புப் பிள்ளைகளிடம் வேலையைக் கொடுத்தார்கள். கட்டுரைப் பாடவேளையை இதற்கு விட்டார்கள். ஆசிரியர்களுக்கு ஒரு கையேடு போனது. புதையல் எங்கே இருப்பதாகச் சொல்கிறார்கள்? மழை வருவதை எதை வைத்துக் கண்டுபிடிப்பார்கள்? வெண்ணெய் கடையும்போது என்ன செய்யக் கூடாது? பல்வலிக்கும் மருவுக்கும் என்ன வைத்தியம்? எத்தனை வயதுவரை வெறுங்காலோடு நடந்தார்கள்? பிள்ளைகள் தாத்தா பாட்டியிடமும் பக்கத்து வீட்டுக் கிழவரிடமும் போய்க் கேட்டு எழுதி வந்தார்கள். 1939 தொடக்கம்வரை நடந்த இந்த வேலையில் சுமார் 5,000 பள்ளிகள், 50,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள். நோட்டுகளும் தொகுத்த பெருந்தொகுதிகளும் சேர்ந்து ஏறக்குறைய 7,40,000 பக்கங்கள்.

பெரிய ஆய்வாளர் வந்து உட்கார்ந்தால் கூச்சப்பட்டு மழுப்பும் பாட்டி, பேத்தி கேட்டால் சொல்லிவிடுவாள். எழுத்துப்பிழை மலிந்த அந்த நோட்டுகளில் கிடைக்கும் நெருக்கம் வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை.

ஆனால் கேட்டதுதான் கிடைக்கும். டப்ளின், கார்க் போன்ற பெருநகரங்கள் அந்தத் திட்டத்துக்கு வெளியே நின்றன. மரபு என்றால் கிராமம், அதிலும் ஐரிஷ் பேசும் மேற்குக் கடற்கரை என்பது அன்றைய நினைப்பு. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவனுக்கும் மில்லில் வேலை பார்த்தவளுக்கும் கதை இருக்காதா? டப்ளின் நகர வழக்காறுகளை முறையாகச் சேகரிக்க 1979 வரை ஆயிற்று. முழுநேரச் சேகரிப்பாளர்கள் எல்லோரும் ஆண்கள். அவர்கள் தேடிப்போனதும் பெரும்பாலும் ஆண்களை, அவர்கள் சொல்லும் நீண்ட வீரக் கதைகளை. பிரசவ அறையில் பெண்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டதைக் கேட்க எந்த ஆண் போக முடியும்? காப்பகத்தில் ஒன்று இல்லை என்பதால் ஊரிலும் அது இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

கேட்டாலும் மனிதர்கள் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை. 1845இல் தொடங்கி உருளைக்கிழங்கு விளைச்சல் பொய்த்த பெரும்பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள். அதன் நூற்றாண்டை ஒட்டி, 1945இல், பஞ்சத்தைப் பற்றி ஊரில் என்ன பேசுகிறார்கள் என்று ஆணையம் வினாப்பட்டியல் அனுப்பிக் கேட்டது. பதில்கள் குவிந்தன. பசியில் வாய் பச்சையாகப் புல் தின்று செத்தவர்கள், சவப்பெட்டி வாங்க வழியில்லாமல் அடிப்பலகை திறக்கும் ஒரே பெட்டியில் மாற்றி மாற்றிப் புதைக்கப்பட்டவர்கள் என்று எத்தனையோ. ஆனால் கஞ்சித்தொட்டிக்குப் போனதும் ஏழைகள் விடுதியில் சேர்ந்ததும் பெரும்பாலும் வேறு யாரோதான். பக்கத்துக் குடும்பம், அடுத்த ஊர். எங்கள் வீட்டில் என்று சொன்னவர்கள் அபூர்வம். நூறு வருஷம் கழித்தும் வெட்கம் போகவில்லை. வரலாற்று ஆசிரியர்கள் இந்த நழுவலையே ஒரு சான்றாக எடுத்துக்கொண்டார்கள். அது சரியென்றுதான் எனக்கும் படுகிறது.

குரலை வழித்தெறிந்த அதே ஆணையம் இன்னொரு நாட்டின் குரலைக் காப்பாற்றியதையும் சொல்ல வேண்டும். அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடுக்கடலில் இருக்கிறது மான் தீவு. ஐரிஷுக்கு உறவான மான்க்ஸ் அதன் மொழி. 1947இல் அங்கே போன அயர்லாந்துப் பிரதமர் டி வலேரா, அம்மொழியைப் பிறப்பிலிருந்து பேசியவர்கள் விரல்விட்டு எண்ணும்படி மிஞ்சியிருப்பதையும், அவர்கள் குரலைப் பதியத் தீவு அருங்காட்சியகத்திடம் கருவிகூட இல்லை என்பதையும் அறிந்தார். அப்போது ஆணையம் இசைத்தட்டில் பதியும் கருவி பொருத்திய வேன் ஒன்றைப் பெற்றிருந்தது. 1948இல் கெவின் டானஹர் அந்த வேனோடு கப்பலேறிப் போய், முதியவர்களைத் தேடித்தேடிப் பதிந்தார். இம்முறை தட்டுகளைச் சீவவில்லை. அவர்களில் ஒருவரான நெட் மட்ரல் 1974இல் காலமானார். பிறப்பிலிருந்து பேசியவர் வரிசை அவரோடு முடிந்தது.

அந்தக் குரல்களைக் கேட்டுக் கேட்டு உச்சரிப்பு பழகிய ஒரு தலைமுறை தீவில் உருவானது. 2001இல் எல்லாப் பாடங்களையும் மான்க்ஸிலேயே நடத்தும் ஆரம்பப் பள்ளி அங்கே திறந்தது.

அயர்லாந்தின் பள்ளி நோட்டுகளும் இப்போது இணையத்தில் இருக்கின்றன. கையெழுத்துப் பக்கங்களைத் தட்டச்சு செய்யும் வேலையைப் பொதுமக்களிடமே விட்டார்கள். தன்னார்வலர்கள் பல லட்சம் பக்கங்களைத் தட்டச்சு செய்திருக்கிறார்கள். ஊர்ப் பெயரையும் குடும்பப் பெயரையும் போட்டுத் தேடலாம். பன்னிரண்டு வயதில் பாட்டி எழுதிய பல்வலி வைத்தியத்தைப் பாஸ்டனிலும் சிட்னியிலும் இருக்கும் பேரப்பிள்ளைகள் தேடிப் படிக்கிறார்கள்.

(அடுத்த வாரம்: எஸ்டோனியா)